பிரீமியம் வாங்கியவர்

லிப்ட் மெக்கானிக்குடைய மனைவியின் தம்பி இன்சூரன்ஸ் ஏஜெண்ட். குடும்பத்தின் மருத்துவ பாலிசிக்குப் பிரீமியம் வாங்க அவன் வரும்போதெல்லாம் மெக்கானிக் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

"இந்த வருஷமும் வீட்ல யாருக்கும் ஒரு தும்மல்கூட வரலை. கட்டின காசு அம்போதானே?"

"தும்மல் வரலைன்னு வருத்தப்படற ஒரே ஆள் நீங்கதான் மாமா," என்பான் மச்சினன். அக்கா சிரித்துக்கொண்டே தேநீர் ஊற்றுவாள்.

ஒருநாள் பங்கு வர்த்தக அலுவலகம் ஒன்றின் லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோனது. உள்ளே மாட்டிக்கொண்டவனை மெக்கானிக் வெளியே எடுத்துவிட்டார். அங்கேயே வேலை பார்ப்பவன். நன்றிக்குக் காபி வாங்கிக் கொடுத்து, ஆப்ஷன் வியாபாரத்தைச் சொல்லிக் கொடுத்தான்.

"சந்தை விழுந்துடுமோன்னு பயப்படறவன் உங்களுக்குப் பிரீமியம் கட்டுவான் சார். விழலைன்னா அது உங்க காசு. விழுந்தா அவன் நஷ்டத்தை நீங்க கொடுக்கணும்."

"அடிக்கடி விழுமா?"

"எப்பவாவது."

இத்தனை காலம் கட்டியே பழகியவருக்கு, பிரீமியம் வாங்குகிற பக்கம் ஒன்று இருப்பதே அன்றுதான் தெரிந்தது. சேமிப்பு முழுவதையும் ஈடாக வைத்துக் கணக்குத் தொடங்கினார். மாதம் தவறாமல் பணம் வந்தது. துணி துவைக்கும் மெஷின் வாங்கினார். லிப்ட் குழிக்குள் இறங்கும்போது விசிலடித்தார்.

பாலிசியைப் புதுப்பிக்க மச்சினன் வந்தபோது கையில் ரொக்கம் இல்லை; இருந்ததெல்லாம் ஈட்டில் கிடந்தது. வாசலிலேயே அவனை நிறுத்தி விஷயத்தைச் சொன்னார்.

"நீங்க இன்சூரன்ஸ் கம்பெனி நடத்தறீங்க மாமா," என்றான் அவன். "எங்க கம்பெனிகிட்ட கோடிகோடியா இருக்கு. ஒருத்தனுக்குக் கொடுத்தாலும் தாங்கும். நீங்க தாங்குவீங்களா?"

"அடுத்த மாசம் நானே ஆன்லைன்ல கட்டிக்கறேன்."

"இந்தத் தடவை நான் கட்டிடட்டுமா?"

"உன்கிட்ட கை நீட்டற நிலைமைக்கு நான் வரலை."

"பிரீமியம் ஆச்சாங்க?" என்று மனைவி உள்ளேயிருந்து கேட்டாள்.

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்," என்றார். அடுத்த மாதம் வந்த பணத்தையும் ஈட்டிலேயே போட்டார்.

எங்கோ தொலைதூரத்தில் போர் மூண்டதாகச் செய்தி வந்த காலையில் சந்தை சரிந்தது. அவர் ஒரு கட்டடத்தின் உச்சியில் மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தார். பையிலிருந்த போன் துடித்துத் துடித்து ஓய்ந்தது. கையில் கிரீஸ். துடைத்துவிட்டுப் பார்க்கும்போது, கேட்ட கூடுதல் ஈடு வரவில்லை என்று பங்கு அலுவலகத்தில் கணக்கை முடித்துவிட்டிருந்தார்கள். வாங்கிய பிரீமியம், போட்ட சேமிப்பு எல்லாம் போய், மேலும் கொடுக்க வேண்டியிருந்தது. மோட்டாரைத் திரும்பப் பூட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். மனைவியிடம் சொல்லவில்லை. பொருத்தமான நேரம் வரட்டும் என்று தள்ளிப்போட்டார்.

அதற்குள் அவளுக்கு வயிற்றுவலி வந்தது. ஸ்கேனில் கட்டி தெரிந்தது. உடனே அறுவை செய்தால் பிழைக்க வழியுண்டு என்றார் டாக்டர். பணம் கட்டும் இடத்தில் இருந்த பெண்ணிடம் அவள் தைரியமாகச் சொன்னாள்: "எங்களுக்குப் பாலிசி இருக்கும்மா."

அந்தப் பெண் கம்ப்யூட்டரில் தேடினாள். "இது காலாவதி ஆயிடுச்சே."

மனைவி திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவருடைய கண்கள் தரையில் இருந்தன. நாற்காலியில் போய் உட்கார்ந்து, ஸ்கேன் உறையை மடியில் வைத்துக்கொண்டாள். அன்றிரவு அவர் ஆப்ஷன் கணக்கில் எல்லாம் போனதை அவளிடம் சொன்னார்.

மச்சினன் கம்பெனியில் தெரிந்தவர்கள் காலிலெல்லாம் விழாத குறை. கெடு முடிந்துவிட்டது என்றார்கள். புதிதாக எடுத்தால் ஏற்கெனவே இருக்கிற நோய்க்குக் கிடையாது. அவன் தன் வண்டியை விற்றான். அது பரிசோதனைகளுக்கே சரியாகப் போயிற்று. மெக்கானிக் கேட்ட இடத்திலெல்லாம் கையை விரித்தார்கள். இலவச ஆஸ்பத்திரியில் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்தார்கள். முறை வந்தபோது நோய் ஈரல் வரைக்கும் போயிருந்தது. இனிமேல் கத்தி வைத்துப் பயனில்லை என்று, வலிக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார் டாக்டர்.

பஸ் நிறுத்தத்தில் மெக்கானிக் அவள் தோளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நம்ம பணம் யாருக்குங்க போச்சு?" என்று கேட்டாள். அதைப்பற்றி அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"தெரியாது. முகம் தெரியாத யாருக்கோ."

"அவங்க பயந்து பிரீமியம் கட்டினவங்கதானே?"

"ஆமா."

"விவரமானவங்க," என்றாள்.

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். பஸ் வந்தது. உட்கார இடமில்லை. ஒரு கையால் கம்பியையும் மறு கையால் அவளையும் பிடித்தபடி நின்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டு அவர் மேல் சாய்ந்துகொண்டாள். அவளுக்குக் கனமே இல்லை.