அறுபதாம் படியில் சொன்ன சொல்

திருச்செங்கோட்டு மலையில் அறுபதாம் படி என்று ஓர் இடம் உண்டு. வேறெங்கும் தீராத வழக்கை அங்கே கொண்டுபோய்ச் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வார்கள். அந்தப் படியில் சொன்னதை மீற எங்கள் பக்கத்தில் யாரும் துணிவதில்லை.

மேட்டூர் அணை கட்டி முடிந்த வருஷம், எடப்பாடி சௌந்திரம் அங்கே நின்றாள். செத்துப்போன அம்மாவின் கறவை மாட்டை அக்காள் கேட்காமல் ஓட்டிப் போய்விட்டாள் என்று தங்கை மாரக்காள் ஊரெல்லாம் சொல்லியிருந்தாள்.

"அம்மா எங்கையில புடிச்சுக் குடுத்த மாடு. இது சத்தியம்" என்று சூடத்தை அணைத்தாள் சௌந்திரம்.

அத்தோடு இறங்கியிருக்கலாம். கோபம் விடவில்லை. "இனி இவ ஊட்டுப் பச்சத்தண்ணி எம்பல்லுல படாது" என்றும் சொல்லிவிட்டாள்.

சாமி இரண்டையும் கேட்டுக்கொண்டார்.

மூன்று வருஷம் கழித்து, வளையல்காரர் கரீம் பாஷா வந்தார். "சங்ககிரியில உங்க தங்கச்சிக்கு வளையல் போட்டுட்டு வாரேனுங்க. எட்டு மாசமாமுங்க. எங்கக்கா கை இப்ப என்ன அளவுன்னு கேட்டுச்சு. ஒரு சுத்து எளைச்சிருக்குதுன்னேன். அழுதுடுச்சுங்க."

சௌந்திரம் வளையல் போட்டுக்கொள்ளவில்லை. கலியாணம் முடிந்து மாரக்காள் வண்டி ஏறிய நாள் நினைவுக்கு வந்தது. முந்தானையை விடாமல் பிடித்து அழுத பெண்ணிடம், "உம் பேறுகாலத்துக்கு நாந்தான் வருவேன், போ கண்ணு" என்று சொல்லியிருந்தாள். அதற்குச் சூடமும் இல்லை, சாட்சியும் இல்லை.

புருஷன் செங்கோடன் கேட்டான். "படியில சொன்னது ஒண்ணு, வண்டியில சொன்னது ஒண்ணு. எதைக் காப்பாத்தப் போறே?"

"ரெண்டையுந்தானுங்க."

ஒரு தவலை, ஒரு மூட்டை கம்பு மாவு. அவற்றோடு சங்ககிரி வாசலில் போய் இறங்கினாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்ற மாரக்காளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"தவலையோட வந்திருக்கறியே அக்கா, எங்கூருல பஞ்சமா?"

"உன்ற வாய்க்கு இன்னும் பஞ்சம் வரல. உள்ள போ."

பிள்ளை பிறந்து முப்பது நாள் ஆகும் வரை சௌந்திரம் அங்கே இருந்தாள். தங்கைக்கு வெந்நீர் ஊற்றினாள், மருந்து இடித்தாள், குழந்தையை மடியில் போட்டுக் குளிப்பாட்டினாள். தனக்கு மட்டும் ஊர்க்கிணற்றில் தானே சேந்தி, புறக்கடையில் தனி அடுப்பு மூட்டிக்கொண்டாள். ஒரு நடுப்பகலில் மாரக்காள் மோர்க் குவளையோடு வந்து நின்றாள். சௌந்திரத்தின் கை எழுந்து பாதியில் நின்றது. தாகம் மோருக்கானதல்ல. குவளை உள்ளே திரும்பியது.

புறப்படும்போது மாரக்காள் சொன்னாள். "பச்சப்புள்ள கொஞ்சம் தேறட்டும். உன்னை நம்பாமப் படியேத்துனவ நானு. அங்கியே வந்து கேக்கறேன்."

தை பிறந்ததும் சொன்னபடி வந்தாள். அறுபதாம் படியில் இருவரும் சூடம் ஏற்றினார்கள். "எங்கக்கா சொன்னது நெசம். நாந்தான் தப்பு. அவ கோவத்துல சொன்னதைத் திருப்பிக் குடு, சாமி" என்று தங்கை விழுந்து கும்பிட்டாள். சௌந்திரமும் விழுந்தாள். பூசாரி இருவர் நெற்றியிலும் திருநீறு பூசினார்.

மாரக்காள் இடுப்புத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்த செம்பை நீட்டினாள். வீட்டுத் தண்ணீர்.

சௌந்திரம் செம்பைத் தொட்டாள். குடிக்கவில்லை.

"இங்க வேண்டாங் கண்ணு. உன்ற ஊட்டுல வந்து, உக்காந்து குடிக்கறேன்."

சங்ககிரி ஏழு மைல். குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, வறண்ட தொண்டையோடு அவள் முன்னால் இறங்கினாள்.