மாவு மேசைமேல் ஒரு கடற்கரை

"பவுடர் மாதிரி மணல்னு போட்டிருக்கும்மா."

"எந்தப் பவுடர்? அதை முதல்ல சொல்லு."

"பவுடர்னா பவுடர்தான். மூஞ்சிக்குப் போடுறோமே."

"பொடிச்ச சர்க்கரையும் பவுடர்தான், மைதாவும் பவுடர்தான். ரெண்டும் ஒண்ணாடி? ஏங்க, நீங்களாவது கேளுங்க."

'ஏங்க' என்றது டிரைவரை. பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓட்டி, பின்னால் எத்தனை பேர் கத்தினாலும் முன்கண்ணாடியை விட்டுப் பார்வையை எடுக்காத மனிதர். இங்கே முன்கண்ணாடி இல்லாததால் ரொட்டி அடுப்பின் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவிக்கும் மகளுக்கும் நடுவில் புகுந்தால் இரண்டு பக்கமும் இடிபடும் என்பது லைசென்ஸ் இல்லாமலே அவர் கற்ற பாடம்.

காலை வியாபாரம் முடிந்து மாலை வியாபாரம் தொடங்காத நேரம். கடையின் முன்கதவில் "மூடியிருக்கிறது" பலகை தொங்கியது. அடுப்பு அணைந்தும் சூடு அடங்கவில்லை. நீளமான இரும்பு மேசையைத் துடைத்து முடித்த கையோடு ரொட்டிக்காரி அதன் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தாள். தெருவே அவளை ரொட்டிக்காரி என்றுதான் சொல்லும். கோபம் வந்தால் புருஷனும் அப்படித்தான் சொல்வார். அவள் கால்கள் இரண்டும் தரையைத் தொடாமல் சிறுமியின் கால்கள் போல் ஆடிக்கொண்டிருந்தன. கால் ஆடினால் மனசும் ஆடுகிறது என்று அர்த்தம். இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவள் ஒரு வாரம் லீவு எடுக்கப் போகிறாள்.

கடலுக்குக் கூட்டிப்போகிறேன் என்று கல்யாணமான புதிதில் டிரைவர் சொன்ன வார்த்தை கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. போன வாரம் மகள்தான் அதைத் தூர் வாரி வெளியே எடுத்தாள். படிப்பு முடிந்து, வேறு ஊரில் வேலை கிடைத்து, அடுத்த மாதம் கிளம்புகிறவள். "இப்ப மூணு பேரும் சேர்ந்து போகலைன்னா அப்புறம் எப்ப? அடுத்த தடவை நான் வரும்போது இந்த வீட்டுக்கு விருந்தாளிம்மா" என்றாள். விருந்தாளி என்ற ஒரு சொல்தான். இருவருக்கும் சுருக்கென்றது. மறுநாளே டிரைவர் பள்ளி விடுமுறையைப் பார்த்து நாள் குறித்துவிட்டார். டிக்கெட் போடுகிறவர் நாலு தீவுகளின் படங்களை அனுப்பியிருந்தார். நாலிலும் வருஷம் முழுக்க வெயில், நாலிலும் நீலத் தண்ணீர், நாலிலும் வெள்ளை மணல். எது என்று சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும்.

"எல்லாமே அழகாத்தான் இருக்கு" என்றாள் ரொட்டிக்காரி. "ஆனா அங்க போய் என்னால நடக்க முடியணும். நடக்க முடியாத கடற்கரை படத்துல இருந்தா என்ன, நேர்ல இருந்தா என்ன?"

அவள் குதிகால் விஷயம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சிமெண்டுத் தரையில் நின்றே போன வருஷங்கள் அங்கே போய்ச் சேர்ந்திருந்தன. விடிந்து கட்டிலை விட்டு இறங்கும் முதல் அடி ஒவ்வொரு நாளும் ஆணிமேல் வைத்த மாதிரிதான்.

"மணலை இங்கயே வரவழைச்சு நடந்து பார்க்கவா முடியும்?" என்றார் டிரைவர், பொறுக்க மாட்டாமல்.

ரொட்டிக்காரியின் கால் ஆடுவது நின்றது. மேசையிலிருந்து குதித்தாள். குதித்ததற்கு "ஸ்ஸ்" என்று ஒரு முனகல். பிறகு சரக்கு டப்பாக்கள் இருந்த பக்கம் விந்திக்கொண்டே ஓடினாள்.

"ஏன் முடியாது? நம்மகிட்ட இல்லாத மணலா?"

முதலில் பொடித்த சர்க்கரை. ஒரு தட்டு நிறையப் பரப்பி, நடுவிரலையும் ஆள்காட்டி விரலையும் இரண்டு காலாக்கி அதன்மேல் நடக்க விட்டாள். விரல்கள் கணுக்கால் வரை புதைந்தன.

"ஆகா, மெத்து மெத்துன்னு இருக்கு" என்றாள் மகள். அவளுக்கு அந்த முதல் தீவுதான் பிடித்திருந்தது. படத்தில் மணல் பால் போல் இருந்தது.

"இரு. கடல்னா காத்து இருக்குமில்ல?" ரொட்டிக்காரி மேசை விசிறியைத் தட்டினாள்.

ஒரு நொடியில் டிரைவரின் மீசை நரைத்தது. புருவம் நரைத்தது. அவர் அசையாமல் நின்று, பஸ் குலுங்கி நின்றால் கேட்பது போல, "உள்ளே இருக்கிறவங்க நலம்தானா?" என்று கண்ணை மூடியபடியே கேட்டார். மகள் சிரித்துச் சிரித்து மாவு மூட்டைமேல் சரிந்தாள்.

"பவுடர் மணல் வேண்டாம்" என்று தீர்ப்புச் சொன்னாள் ரொட்டிக்காரி. "ஒரு வாரமும் உங்க அப்பாவுக்குத் தலை துவட்டியே பொழுது போயிடும்."

இரண்டாவது தீவுக்குக் கல்லுப்பு. அங்கே போய் வந்த ஒருவர், மணல் பருமனாகப் பளபளவென்று இருக்கும் என்று எழுதியிருந்தார். ரொட்டிக்காரி செருப்பைக் கழற்றி, தட்டைத் தரையில் வைத்து, குதிகாலை மட்டும் மெல்ல அதில் பதித்தாள். பதித்த வேகத்தில் எடுத்தாள்.

"எப்படி இருக்கு?"

"உன் அத்தை பேச்சு மாதிரி இருக்கு. அடுத்தது."

"எங்கக்காவை எதுக்கு இதுல இழுக்கிறே?" என்றார் டிரைவர், மீசையை நக்கிக்கொண்டே. இனிப்பாக இருந்ததால் அவர் கோபம் எடுபடவில்லை.

மூன்றாவது அவருடைய ஆசை. தங்கும் இடத்தின் வாசல் வரை நல்ல சாலை, கடற்கரைக்கு அப்படியே இறங்கலாம். ஆனால் மகள் படத்தைப் பெரிதாக்கிக் காட்டியபோது மணல் ரவை நிறத்தில் இருந்தது.

"இது வெள்ளையாங்க?"

"வெள்ளை மாதிரிதான்."

"மாதிரி எதுக்கு? இத்தனை வருஷம் காத்திருந்து, மாதிரியைப் பார்க்கவா போறேன்? வெள்ளைன்னா வெள்ளையா இருக்கணும்."

டிரைவர் ஒரு பெருமூச்சோடு நல்ல சாலையைத் துறந்தார்.

நான்காவது தீவின் படம் மற்றவற்றைவிடச் சுமார்தான். சாய்ந்த ஒரு மரம், கவிழ்த்துப் போட்ட ஒரு படகு. மகள் தள்ளிவிடப் போனாள். அதற்குக் கீழே யாரோ எழுதியிருந்த இரண்டு வரி கண்ணில் பட்டு நிறுத்தினாள். "அம்மா, இதைக் கேளு. 'இந்த மணல் நடுப்பகலிலும் சுடுவதில்லை. நடந்தால் காலடியில் கீச்சென்று சத்தம் கேட்கும். நாங்கள் செருப்பை முதல் நாள் கழற்றியது, ஊருக்குக் கிளம்பும்போதுதான் தேடினோம்.'"

"மறுபடி படி."

மகள் மறுபடி படித்தாள்.

ரொட்டிக்காரி அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். பொழுது விடியுமுன் மூட்டி, அதன் முன்னாலேயே நின்று, முகமும் முன்கையும் வெந்து பழகிய வாழ்க்கை. உலகத்தில் நடுப்பகல் என்று ஒன்று இருந்தால் அது சுடத்தான் வேண்டும் என்று நினைத்திருந்தாள். உச்சி வெயிலில், தலைக்குமேல் சூரியன் நிற்க, காலுக்குக் கீழே சுடாத ஒரு தரை! அப்படி ஒன்று நிஜமாகவே எங்கோ இருக்கிறது. இந்த நிமிஷமும் இருக்கிறது. அலை வந்து வந்து அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறது.

"சர்க்கரை மூட்டையை இறக்குங்க" என்றாள்.

"எவ்வளவு?"

"முழுசா."

கடையிலேயே பெரிய தட்டு, ஒரே தடவையில் நாற்பது பன் வேகும் தட்டு, தரைக்கு வந்தது. டிரைவர் மூட்டையைச் சாய்த்தார். சர்க்கரை சரசரவென்று இறங்கி மேடு கட்டியது. ரொட்டிக்காரி புடவையைக் கணுக்காலுக்குமேல் தூக்கிக்கொண்டு, ஒரு கையால் புருஷன் தோளைப் பிடித்துக்கொண்டு, வலது காலை வைத்தாள். பிறகு இடது காலை.

கீச்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கேட்டுச்சா?" என்றாள் ரகசியமாக, சத்தம் போட்டால் அது ஓடிவிடும் என்பது போல. எடையை மாற்றினாள். கீச். சர்க்கரை அவள் பாதத்தின் வளைவுக்குள் ஏறி, வருஷக்கணக்காக எதுவும் தாங்காத இடத்தைத் தாங்கியது. குதிகால் அதற்கென்றே பறித்த குழியில் போய் உட்கார்ந்தது. வலிக்கு இடம் தெரியாமல் போயிற்று. அவள் கண்ணை மூடினாள்.

மகள் சும்மா இருக்கவில்லை. விசிறியைத் தூரத்தில் வைத்துத் திருப்பிவிட்டாள். பெரிய சல்லடையில் ஒரு படி கோதுமையைக் கொட்டி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாகச் சாய்த்தாள். ஷ்ஷ்ஷ்... என்று வந்தது. ஷ்ஷ்ஷ்... என்று போனது.

"அலைடி!" கண்ணைத் திறக்காமலே ரொட்டிக்காரியின் வாயெல்லாம் பல்.

"தள்ளிக்கோ, எனக்கும் இடம் வேணும்" என்று டிரைவர் பேண்ட்டை மடித்துவிட்டுத் தட்டில் ஏறினார். தட்டு ஒரு பக்கம் நெளிந்தது. விழாமல் இருக்க இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. மகள் ஒரு கையால் அலை அடித்துக்கொண்டே மறு கையால் படம் எடுத்தாள்.

"நாலாவதுதான்" என்றாள் ரொட்டிக்காரி. "போன் போடுங்க. இப்பவே போடுங்க."

டிரைவர் சட்டைப்பையில் கையை விட்டார். அந்த நேரம் பார்த்து, மேல்தட்டில் இருந்த கண்ணாடி ஜாடிக்குள் ஒரு குமிழ் 'ப்ளக்' என்று உடைந்தது.

அலை நின்றது.

"மாமியாருக்குப் பசி வந்துடுச்சு" என்றாள் மகள்.

ஜாடியில் இருந்தது புளித்த தாய்மாவு. கடையின் எல்லா ரொட்டியும் அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்துத்தான் உப்பும். காலையும் மாலையும் மாவும் தண்ணீரும் கொடுத்தாக வேண்டும். ஒரு வேளை தவறினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். அதனால் மகள் சின்ன வயதில் வைத்த பெயர் நிலைத்துவிட்டது.

"கூடவே தூக்கிட்டுப் போயிடலாமா?" என்றார் டிரைவர்.

"மாமியாரைக் கூட்டிட்டு ஊர் சுத்தப் போன மருமக உண்டா?"

"ஃபிரிட்ஜ்ல வெச்சா?" என்றாள் மகள்.

"தூங்குவா. திரும்பி வந்து தட்டி எழுப்ப இன்னொரு வாரம் ஆகும். அதுவரைக்கும் நம்ம ரொட்டியைக் கதவுக்கு முட்டுக் கொடுக்கத்தான் வாங்குவாங்க." ரொட்டிக்காரி சர்க்கரையைப் பார்த்தபடி நின்றாள். "யாராவது கவனிச்சுக்கணும். தெரிஞ்சவங்களா இருக்கணும்."

தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். ஜன்னலுக்கு வெளியே, தெருவுக்கு அந்தப் பக்கம், சிவப்புப் பந்தல் போட்ட கேக்குக் கடையில் இருந்தாள். ரொட்டிக்காரியின் தங்கை. இருவரும் இதே மேசையில் எதிரும் புதிருமாக நின்று மாவு பிசைந்தவர்கள். "கேக்கு மட்டும்தான்க்கா போடுவேன்" என்று சொல்லித்தான் தனிக்கடை வைத்தாள். போன மழைக்காலத்தில் ஒரு நாள் அவள் கண்ணாடி அலமாரியில் ஒரு தட்டு பன் உட்கார்ந்திருந்தது. அன்றோடு பேச்சு நின்றது. அதற்குப் பிறகு எல்லாம் மகள் வழியாகத்தான்: "மழை வருது, துணியை எடுக்கச் சொல்லு உங்கம்மாவை." "எடுத்தாச்சுன்னு சொல்லு உங்க சித்திகிட்ட." இரண்டு பேரும் கூப்பிடு தூரத்தில் நின்றுகொண்டுதான் சொல்வார்கள்.

"சித்தி பன் நல்லாவே இல்லம்மா" என்றாள் மகள் மெதுவாக. "உப்பவே இல்ல."

"எப்படி உப்பும்? மாமியார் இங்கல்ல இருக்கா." சொல்லும்போதே ரொட்டிக்காரியின் குரல் இறங்கியது. ஜாடியை அங்கே கொடுத்தால் ஒரு வாரத்தில் அந்தப் பன் உப்பும். திரும்பி வந்து ஜாடியை வாங்கிக்கொள்ளலாம். அதிலிருந்து தங்கை தனியாக எடுத்து வைத்த ஒரு கரண்டியை வாங்க முடியாது. இந்த ஜாடிதான் கடை. கடைதான் இந்த இருபது வருஷம்.

டிரைவரின் விரல் போனின்மேல் நின்றது. மகள் சல்லடையை மடியில் வைத்துக்கொண்டு, போகிறோமா இல்லையா என்று கேட்கக் கூடாது என உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் அவள் இருக்கும் அந்த இடம் காலியாக இருக்கும். சல்லடை இருக்கும்; அலை அடிக்க ஆள் இருக்காது.

ரொட்டிக்காரி எடையை மாற்றினாள்.

கீச்.

"போனைப் போடுங்க" என்றாள். "நாலாவதுன்னு சொல்லுங்க." தட்டை விட்டு இறங்கி, ஜாடியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, செருப்புப் போட மறந்து, கதவைத் திறந்துகொண்டு தெருவைக் கடந்தாள். காலில் ஒட்டிய சர்க்கரை வெயிலில் மினுங்கியது. ஆணியா, குதிகாலா, எதுவும் நினைவில்லை. நெஞ்சு மட்டும், கடலை முதல் முதலாகப் பார்க்கப் போகிறவளுக்கு அடிப்பது போல் அடித்துக்கொண்டது.

கேக்குக்காரி ஒரு கேக்கின் விளிம்பில் கிரீம் பூ பிழிந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். ஜாடியைப் பார்த்தாள். அக்காவின் கால்களைப் பார்த்தாள். பிழிந்த பூ வளர்ந்துகொண்டே போய்ச் சரிந்தது.

"காலெல்லாம் என்னக்கா?" நடுவில் மகள் இல்லாமல் அவள் கேட்ட முதல் கேள்வி.

"சர்க்கரை. கடலுக்குப் போறோம். அதான் நடந்து பார்த்தேன்."

தங்கையின் உதடு ஓர் ஓரம் துடித்தது. சிரிப்பா வேறு எதுவுமா என்று சொல்ல முடியவில்லை. ரொட்டிக்காரி ஜாடியைக் கண்ணாடி அலமாரியின்மேல் வைத்தாள். அதற்கு நேர் கீழே, உப்பாத பன்கள்.

"ஒரு வாரம் இவளைப் பார்த்துக்கணும். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, உனக்குத் தெரியாததில்ல. அப்புறம்..." ஜாடியிலிருந்து அவள் கையை எடுக்கவில்லை. பிறகு எடுத்தாள். "பூட்டின கடையைப் பார்த்துட்டு நம்ம ஆளுங்க வெறுங்கையோட திரும்பிப் போவாங்க. இவளை வெச்சு நீயே அவங்களுக்கு ரொட்டி போட்டுக் குடு. செய்வியா?"