இடைவேளை இல்லாத பத்தொன்பது நாள்

மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு ஒரு கர்வம் உண்டு. தன் வகுப்புக்கு வந்த எந்தப் பிள்ளையையும் பாதியில் துரத்த அவள் விட்டதில்லை. அதனால்தான் பட்டாசு என்ற சிறுமிக்காகத் தலைமையாசிரியையிடம் மல்லுக்கு நின்றாள்.

“இது அவளுக்கு மூணாவது ஸ்கூல். இன்னும் ஒரு பேரன்ட் புகாரோட வந்தா டி.சி. கொடுத்து அனுப்பிடுவேன். அப்புறம் வந்து கண்ணைக் கசக்காதீங்க,” என்றார் தலைமையாசிரியை.

பட்டாசு என்பது பிள்ளைகள் வைத்த பெயர். எட்டு வயது, தொட்டால் வெடிப்பாள். அவளும் அம்மாவும் குடியிருந்தது ஆறாவது மாடியில். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் அந்த அம்மா, வெந்நீரில் ஊறி வெளுத்த விரல்களால் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். “என்ன வேணா பண்ணுங்க மிஸ். ஸ்கூலை விட்டு மட்டும் அனுப்பிடாதீங்க.”

டீச்சர் கணக்குப் போட்டாள். கூட்டம் இருக்கும் இடத்தில்தானே சண்டை வரும்? கூட்டம் பின்பக்க மைதானத்தில். அங்கே நாலைந்து மரங்கள், கொஞ்சம் புல். இடைவேளையில் மற்றவர்கள் பந்தைத் துரத்த, பட்டாசு மரத்தடி மண்ணில் குப்புறப் படுத்து எறும்பு பார்ப்பாள். எவனாவது தெரியாமல் பந்தை அவள் மேல் போட்டால் தீர்ந்தது கதை. மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு எத்தனை நாள் திரிவது?

“இனிமே இடைவேளைக்கு என்கூட கிளாஸ்லயே இரு, கண்ணு. உன் நல்லதுக்குத்தான்.”

தண்டனை என்று யாரும் சொல்லிவிட முடியாது. தன் சாப்பாட்டில் பாதியைக் கொடுத்தாள், புது கலர் பென்சில் வாங்கித் தந்தாள். பாவி, அன்பாகத்தான் அடைத்து வைத்தாள்.

முதல் வாரம் பட்டாசு பென்சில்களைக் கடித்துத் துப்பினாள். அடுத்த வாரம் புருவ முடியை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தாள். அதன் பிறகு அடி, கடி, கீறல். டீச்சர் மூன்று வீடுகளுக்கு நடையாய் நடந்து, காலில் விழாத குறையாகப் பேசி, விஷயத்தை அமுக்கினாள். பத்தொன்பதாவது நாள் பட்டாசு பக்கத்துப் பெண்ணின் உள்ளங்கையில் பென்சிலைக் குத்திவிட்டாள். அந்தப் பெண்ணின் அப்பா நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போய்விட்டார். மறுநாள் காலை விசாரணை.

அன்று பள்ளி விட்டதும் டீச்சர் தன் குறிப்பேட்டைப் பிரித்தாள். வகுப்பில் எது நடந்தாலும் தேதி, நேரத்தோடு எழுதிவைப்பது அவள் வழக்கம். பட்டாசுக்குச் சாதகமாக ஏதாவது கிடைக்காதா என்றுதான் புரட்டினாள். கிடைத்தது. முதல் நான்கு மாதத்தில் பட்டாசு போட்ட சண்டை அத்தனையும் காலையில், இடைவேளைக்கு முன்னால். மைதானத்தில் ஒன்றுகூட இல்லை. மண்ணும் புல்லுமாகத் திரும்பி வந்த பிறகு, வீட்டுக்குப் போகும் வரை ஒரு வரி கிடையாது. அவளை உள்ளே உட்கார வைத்த நாளிலிருந்து பக்கம் பக்கமாகக் காலை, மதியம், சாயங்காலம். எல்லாம் டீச்சரின் முத்து முத்தான கையெழுத்து. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது இதுதான்.

காலையில் நோட்டைத் தலைமையாசிரியை முன் விரித்து வைத்தாள். “தப்பு என்னோடது மேடம். அவளை மறுபடி மைதானத்துக்கு விட்டுப் பார்க்கலாம்.”

தலைமையாசிரியை வெகுநேரம் படித்தார். “ஒரு வாரம். அதுக்குமேல என்னால முடியாது.”

இடைவேளை மணி அடித்தது. பிள்ளைகள் கூச்சலோடு ஓடினார்கள். பட்டாசு நகரவில்லை. டீச்சர் அவள் பக்கத்தில் குனிந்தாள். “போ கண்ணு. போய் எறும்பு பாரு. இனிமே தினமும் போகலாம்.”

பட்டாசு பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள்.

“வேணாம் மிஸ். அங்க பசங்க இருக்காங்க. நான் ஏதாவது பண்ணிடுவேன். கதவைச் சாத்துங்க.”

டீச்சர் சாத்தவில்லை. கெஞ்சினாள், கையைப் பிடித்து இழுத்துக்கூடப் பார்த்தாள். பட்டாசு கையை உருவிக்கொண்டு எழுந்து போய், தானே கதவைச் சாத்திவிட்டு வந்து, தன் இடத்தில் உட்கார்ந்தாள்.