ஜலீல் கடை இங்கிலீஷ்

பண்ணை ரைஸ்மில்லுக்கு டீ கொண்டுபோன என் வீட்டுக்காரர் அப்துல் ஜலீல், வெறும் தூக்கோடு திரும்பி வந்து அடுப்பு முன்னால் குந்திக்கொண்டார். முகம் செத்துப்போயிருந்தது. அந்த மனுஷன் வாயை மூடிக்கொண்டு இருந்து நான் பார்த்ததே இல்லை.

சிங்கப்பூரில் ஒரு வெள்ளைக்காரன் வீட்டில் சமையல் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அங்கிருந்து உருப்படியாகக் கொண்டுவந்தது அந்த இங்கிலீஷ் ஒன்றுதான். அதுவும் நேரான இங்கிலீஷ் இல்லை, வெள்ளைக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சொலவடைகள். ஒன்றைச் சொல்லி உடனே அர்த்தமும் சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. காய்ந்து கிடக்கும் வாய்க்காலில் அத்திபூத்தாற்போல் தண்ணீர் வந்தால் ‘ஒன்ஸ் இன் எ புளூ மூன்’ என்பார். கேட்டுக் கேட்டு, நடவு ஆட்கள்கூட “புளூ மூன் தண்ணி வந்துருச்சு” என்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். வயல் கூலிக்காரர்கள் சங்கத் தலைவர் முருகையனுக்குப் பிடித்தது ‘பீஸ் ஆஃப் கேக்’. கேக்கைக் கண்ணாலும் பார்க்காத மனுஷன், லேசான வேலை எதுவானாலும் அதைத்தான் சொல்வார். சாதி பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே மாதிரி கிளாசில் டீ கொடுத்தது அந்தப் பக்கத்தில் எங்கள் கடை மட்டும்தான். மில் மேனேஜர் குஞ்சிதபாதம் எங்கள் டீயைத் தன் டம்ளரில் ஊற்றச் சொல்லிக் குடிப்பார். ஊற்றுகிறவரை நிமிர்ந்து பார்க்கமாட்டார்.

அது தை அறுப்பு. நட்டவர்கள்தான் அறுக்க வேண்டும் என்பது இங்கத்து வழக்கம். சங்கம் வைத்த கோபத்தில் பண்ணை அதை மாற்றி, வெளியூர் ஆட்களை இறக்கப் பார்த்தது. புது ஆட்சியில் நியாயம் கிடைக்கும் என்று நம்பி ஓட்டுப் போட்ட ஜனம், வரப்பில் கொடி நட்டு உட்கார்ந்துவிட்டது. பேசித் தீர்க்கலாம் என்று முருகையனை மில்லுக்கு அழைத்திருந்தார்கள்.

“என்ன மச்சான்?” என்றேன்.

“முருகையனை எதிர்ல நிக்க வச்சுக்கிட்டே இங்கிலீஷ்ல பேசுறானுவ. மேனேஜர் ‘நிப் இட் இன் த பட்’ங்கிறான். முளையிலயே கிள்ளிடணுமாம். அதுக்கு அங்க உக்காந்திருந்த போலீஸ் இன்ஸ்பெக்டர் ‘ஐ வில் டர்ன் எ பிளைண்ட் ஐ’ங்கிறான். கண்டும் காணாம இருந்துக்குவாராம். அப்புறம் தமிழ்ல, ‘காலையில அருவா இல்லாம வயலுக்கு வாங்க, சமாதானமாப் பேசிக்கலாம்’னு அனுப்பிட்டானுவ. வெட்டப் போறானுவ, நஃபீசா.”

கடை நின்றது பண்ணை மனையில். “நமக்கு எதுக்கு மச்சான் ஊர் வம்பு? வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்க.”

“நாளைக்கு முருகையனை நம்ம வாசல் வழியாத்தானே தூக்கிட்டுப் போவாங்க” என்று எழுந்து சங்கத்து ஆட்களிடம் சொல்லப் போய்விட்டார். அவர்மேல் எனக்கு அப்படி ஓர் ஆத்திரம்.

மறுநாள் எல்லோரும் அருவாளோடுதான் போனார்கள். லாரியில் வந்து இறங்கிய அடியாட்கள் அதை எதிர்பார்க்கவில்லை. முருகையனுக்குத் தோளில் வெட்டு, உயிருக்குப் பயமில்லை. அடியாள் ஒருவனின் விரல்கள் வரப்பில் கிடந்தன என்றார்கள். தோற்று ஓடியவர்களைக் கூட்டிக்கொண்டு மேனேஜர் நேராக எங்கள் கடைக்கு வந்தார். நேற்று மில்லில் பேச்சு நடந்த அறைக்குள் டீயோடு போய் வந்த ஆள் யார் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

“இங்கிலீஷ் தெரியுமாடா உனக்கு?” என்றவர், பதில் வருமுன் உருட்டுக்கட்டையால் வாயிலேயே அடித்தார். பல் தெறித்து விழுந்தது. கொதிக்கும் பாலைத் தூக்கி முதுகில் ஊற்றினார்கள். கூரைக்குத் தீ வைத்தார்கள். நான் மாரில் அடித்துக்கொண்டு கத்தினேன். எதிர்ப்பக்கம் ஜீப் நின்றது. இன்ஸ்பெக்டர் அதில் சாய்ந்தபடி வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் எரிந்து அடங்கியபிறகு, அடித்தவர்கள் போனபிறகு, பேனாவும் காகிதமுமாக வந்தார்.

“அடுப்புத் தீ பத்திக்கிச்சு, அப்படித்தானே? ஆமான்னு சொல்லும்மா. பண்ணைகிட்டச் சொல்லி வேற மனை வாங்கித் தர்றேன்.”

என் மடியில் கிடந்தவர் பேச வாயெடுத்தார். ரத்தம்தான் வந்தது. நான் சொன்னேன்.

“இல்லைங்க. குஞ்சிதபாதம் அடிச்சாரு. அவர் ஆளுங்க தீ வச்சாங்க. நீங்க அங்கதான் நின்னுக்கிட்டு இருந்தீங்க. எழுதுங்க.”

பேனா அசையவில்லை. அதை மூடிப் பையில் செருகிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். அதற்குள் வயலிலிருந்து பெண்கள் வந்துவிட்டார்கள். முருகையன் பெண்டாட்டி ராமாயி ஜீப்புக்கு முன்னால் ரோட்டில் உட்கார்ந்தாள்.

“பாயை ஆஸ்பத்திரிக்கு ஏத்துங்க. அந்த அம்மா சொன்னதை எழுதுங்க. அப்புறம் போங்க.”

டிரைவர் ஹாரன் அடித்தான். ராமாயிக்குப் பக்கத்தில் இன்னொருத்தி வந்து, இடுப்பிலிருந்த அருவாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.