திங்கட்கிழமைக்காரி

நான் என் புருஷன் ஆரினுக்குப் பின்னிக் கொடுத்த மஃப்ளரை வேறு எவளோ கழுத்தில் சுற்றிக்கொண்டு திரிகிறாள் என்ற செய்தியை டாட்டிதான் கொண்டுவந்தாள். எங்கள் கடையில் தூண்டில் பக்கத்தை அவள் பார்த்துக்கொள்கிறாள், துப்பாக்கிப் பக்கத்தை நான். கடை என் அப்பாவுடையது, அவருக்குப் பிறகு என்னுடையது. மான் வேட்டை சீசன் நெருங்கிவிட்டால் மொன்டானாவில் எங்களுக்கு மூச்சுவிடக்கூட நேரம் இருக்காது. ஆனாலும் டாட்டி தன் வாடிக்கையாளரை அப்படியே நிற்க வைத்துவிட்டு என்னிடம் ஓடி வந்தாள்.

"ஏண்டி வெர்னா, உன் புருஷனை ஆத்தங்கரைப் பாதைல பாத்தேன். கூட ஒரு ஆள்."

"காலேஜ்ல வேலை பாக்கறவன். கூட ஆள் இருக்கத்தான் செய்யும்."

"முதுகு வரைக்கும் முடி. கழுத்துல உன்னோட பச்சை மஃப்ளர்."

"பச்சை மஃப்ளர் ஊருக்குள்ள ஆயிரம் கிடக்கு."

"ஒரு முனை மட்டும் ஆரஞ்சா?"

பச்சை நூல் பாதியில் தீர்ந்துபோய், வேட்டைக்காரர் தொப்பிக்கென்று வைத்திருந்த ஆரஞ்சு நூலால் மீதியை முடித்திருந்தேன். அப்படி ஒரு கண்றாவி உலகத்தில் இன்னொன்று இருக்க வழியில்லை. அதைத்தான் ஆரின், "எங்கயோ விட்டுட்டேன்போல" என்று என்னிடம் சொல்லியிருந்தான். கால் நூற்றாண்டு கூட வாழ்ந்தவளுக்கே காதில் பூச்சுற்றியிருக்கிறான்.

ஆரினுக்குக் கல்லூரியில் மாணவர் நலப் பிரிவில் வேலை. ஒரு பிள்ளை வகுப்பில் பயமுறுத்துவதுபோல் எதையாவது எழுதினால், அறையைப் பூட்டிக்கொண்டு வெளியே வராமல் கிடந்தால், ஆசிரியர்கள் இவனுக்குத்தான் சொல்வார்கள். இவனும் ஒரு மனநல டாக்டரும் கல்லூரி போலீஸ் அதிகாரி ஒருவரும் உட்கார்ந்து பேசி, அந்தப் பிள்ளைக்கு யார் துணையாக இருப்பது என்று முடிவு செய்வார்கள். வேறு ஏதாவது கல்லூரியில் துப்பாக்கிச் சூடு என்று டிவியில் வந்தால் ஆரின் எழுந்து போய்விடுவான். இங்கே அது நடந்துவிடக் கூடாது என்பதுதான் அவன் வேலை. நல்ல வேலைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வேலையில் யார் பெயரையும் வீட்டில் சொல்லக் கூடாது என்று ஒரு விதி உண்டு. திருட்டுப் புருஷனுக்கு இதைவிட வசதியான விதி வேறு என்ன வேண்டும்?

திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. அன்று மதியம் ஆரின் வீட்டுக்கு வந்து என்னோடு சாப்பிடுவது கல்யாணமான நாளிலிருந்து வழக்கம். நான் மாவுக்குள் ஆப்பிள் வைத்து ஆப்பிள் பை சுட்டு வைத்திருப்பேன். செப்டம்பரிலிருந்து அந்தத் திங்கட்கிழமைகள் போயே போய்விட்டன. "ஒரு ஸ்டூடண்டைப் பாக்கணும்" என்பான், அவ்வளவுதான். ஒருநாள் அவன் போனில் பேசுவதைக் கதவோரம் நின்று கேட்டேன். ஆமாம், ஒட்டுக்கேட்டேன்.

"திங்கட்கிழமை வரைக்கும் தாங்கிக்கோ. திங்கட்கிழமை அதை மறக்காம எடுத்துட்டு வரணும், புரியுதா? நான் காத்துட்டிருப்பேன்."

காத்துக்கொண்டிருப்பானாம். எதற்கும் காத்திருக்கத் தெரியாத ஆள். சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தினால் ஸ்டியரிங்கைக் குத்துகிறவன்.

டாட்டி செய்தி சொன்ன அன்று மாலையே சாப்பாட்டு மேஜையில் கேட்டுவிட்டேன்.

"யார் அவ?"

"எவ?"

"அதான், உன் திங்கட்கிழமைக்காரி."

ஆரின் உருளைக்கிழங்கைப் பிசைந்துகொண்டே இருந்தான். "பேர் சொல்லக் கூடாது வெர்னா. உனக்கே தெரியும்."

"பேரை நீயே வெச்சுக்கோ. என் மஃப்ளர் அவ கழுத்துக்கு எப்படிப் போச்சு?"

"எங்கயோ விட்டுட்டேன்னு சொன்னேன்ல?"

"அந்த எங்கயோவுக்கு முதுகு வரைக்கும் முடி இருக்காமே?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வயிற்றெரிச்சல் அவனுக்குச் சிரிப்பாக இருக்கிறது பாருங்கள். அப்புறம் முகம் சுருங்கி, "என்னை நம்பு. இப்போ இதைப் பத்திப் பேச முடியாது" என்றான்.

நான் நம்பவில்லை. தட்டுகளை உடைக்காத குறையாகக் கழுவி வைத்தேன். அவள் எப்படி இருப்பாள் என்பதுகூட எனக்குத் தெரிந்துபோயிற்று. மெலிந்த விரல்கள். மெல்லிய குரல். அழுதால்கூட மூக்கு சிவக்காது. நான் அழுதால் மூக்கு தக்காளியாகிவிடும், பார்ப்பவர்களுக்கு இரக்கம் வராது, சிரிப்புதான் வரும். அவளுக்கு என்ன கஷ்டமோ என்று ஒரு நொடிகூட நான் நினைக்கவில்லை. படிப்பை விட்டுவிட்டுக் கண்காணாத ஊருக்கு ஓடிப்போக வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை மதியம் கடையில் கூட்டம் கொஞ்சம் ஓய்ந்து, டாட்டி சாப்பிடப் போயிருந்தாள். கதவு மணி அடித்தது. முதலில் மஃப்ளரைத்தான் பார்த்தேன். பச்சை, முனையில் ஆரஞ்சு. அதற்கு மேலே நீள முடி. எனக்கு ரத்தம் தலைக்கேறியது. அதற்குப் பிறகுதான் தாடியைப் பார்த்தேன். தாடி என்பதே தாராளம், மோவாயில் ஏதோ நாலு முடி. என் திங்கட்கிழமைக்காரி ஒரு பொடிப்பயல்.

பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. ஒரு பெண் என்றால் ஏதோ ஆண்பிள்ளைச் சபலம் என்று திட்டித் தீர்க்கலாம். இந்தப் பரட்டைத் தலைக்கா என் திங்கட்கிழமைகளை எல்லாம் தூக்கிக் கொடுத்தான் என்று இன்னும் எரிந்தது.

பையன் என் முகத்தைப் பார்க்காமல் பின்னால் இருந்த அலமாரியைக் காட்டினான். "அந்த ரைஃபிள் வேணும்."

"மானுக்கா?"

"ம். மானுக்கு."

"யார்கூடப் போற?"

"தனியா."

"எந்தப் பக்கம்?"

அவன் அலமாரியையே பார்த்தான். "இன்னிக்கே கிடைக்குமா? எனக்குத் திங்கட்கிழமைக்கு வேணும்."

திங்கட்கிழமை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த நாள் வரைக்கும் தாங்கிக்கொள்ளச் சொல்லித்தான் ஆரின் போனில் பேசினான். குரலை இழுத்துப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "திங்கட்கிழமை உனக்கு காலேஜ் இல்லையா?"

"இருக்கு. லேப். எல்லாரும் வருவாங்க." மஃப்ளரின் ஆரஞ்சு முனையை விரலில் சுற்றிக்கொண்டே பேசினான். "என்னைப் பாத்து சிரிக்கறவங்க எல்லாரும். இனிமே சிரிக்க மாட்டாங்க."

அலமாரிச் சாவி என் கையில் இருந்தது. அதைப் பாவாடைப் பைக்குள் போட்டேன். அப்போதுதான் அவன் நிமிர்ந்து என் சட்டையில் இருந்த பெயர் அட்டையைப் படித்தான்.

"வெர்னா ஹால்வர்சன்... நீங்க ஹால்வர்சன் சாரோட..."

"ஆமா. அவன் பொண்டாட்டி."

பையனின் முகம் வெளுத்தது. மஃப்ளரை மெதுவாகக் கழற்றி, மடித்து, எனக்கு முன்னால் மேஜைமேல் வைத்தான்.

"நல்லதாப் போச்சு. இதை அவர்கிட்ட குடுத்துடறீங்களா மேடம்? ஒருநாள் குளிர்ல நடுங்கிட்டிருந்தேன், கழட்டிக் குடுத்தார். இரவல்தான், திங்கட்கிழமை கொண்டுவந்து குடுத்துடணும்னார். நானும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் கொண்டுபோவேன். இன்னிக்கும் குளிரா இருக்கே, அடுத்த திங்கட்கிழமை குடுன்னு திருப்பி அனுப்பிடுவார். இந்த வாரம் என்னால போக முடியாது. அவர் பொருள் என்கிட்ட நின்னுடக் கூடாது."

திருப்பி வாங்கக் கூடாது என்பதற்காகவே கொடுத்த இரவல். வாரத்துக்கு ஒரு தடவை இந்தப் பையன் உயிரோடு தன் எதிரில் வந்து நிற்க வேண்டும் என்பதற்காக. ஆரினுக்கு இவ்வளவு சாமர்த்தியம் உண்டு என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

மஃப்ளர் என் கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்தது. எதை நினைத்து நினைத்து வயிறெரிந்தேனோ அது. எடுத்துக்கொண்டால் கணக்கு முடிந்தது, பையனுக்கு இந்த உலகத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டியது ஒன்றும் பாக்கியில்லை.

"இதை நான் வாங்க மாட்டேன். கழுத்துல போடு" என்றேன். "துப்பாக்கியும் உனக்குத் தர மாட்டேன்."

"பரவால்ல. வேற ஊர்ல வாங்கிக்கறேன்."

திரும்பிக் கதவை நோக்கி நடந்தான். இந்த மாதிரி நேரத்தில் என்ன பேச வேண்டும் என்று ஆரினுக்குத் தெரியும், அந்த டாக்டருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. என்னிடம் இருந்தது பொறாமை ஒன்றுதான். அதையே எடுத்து அவன்மேல் எறிந்தேன்.

"நில்லுடா! எனக்கு பதில் சொல்லிட்டுப் போ. கல்யாணம் ஆனதுலேருந்து திங்கட்கிழமை மதியம் அவன் என்கூடத்தான் சாப்பிடுவான். இப்போ உன்கூட. விரல் நோக நோக ஒரு மஃப்ளர் பின்னினேன், அதுவும் உனக்கு. நான் படியில வழுக்கி விழுந்தப்போ டிவி முன்னாடி உக்காந்துக்கிட்டு 'என்ன சத்தம்'னு கேட்டவன் அவன். உன் போன் வந்தா சாப்பாட்டை விட்டுட்டு எழுந்து ஓடறான்! அப்படி என்னதான்டா இருக்கு உன்கிட்ட?"

பையன் கதவுப் பிடியில் கையை வைத்தபடி திரும்பினான்.

"உங்களுக்கு என்மேல பொறாமையா?"

"ஆமா! எவ்வளவு நாளா!"

"என்மேலயா?"

குனிந்து தன் கால்சட்டையை, கிழிந்த காலணியை, வேறு யாருடையதையோ பார்ப்பதுபோல் பார்த்தான். ஒரு சத்தம் வந்தது. சிரிப்பாகத்தான் தொடங்கியது. அப்புறம் வேட்டைக் காலணி போட்டுப் பார்க்கும் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதான். கையை எடுத்தபோது அவன் மூக்கு சிவந்து வீங்கியிருந்தது. என் மூக்கைவிட மோசம்.

மஃப்ளரை எடுத்துப் போய் நானே அவன் கழுத்தில் சுற்றினேன். கொஞ்சம் இறுக்கமாகவே சுற்றினேன் என்று நினைக்கிறேன், கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. அவன் எதிரிலேயே போன் செய்தேன்.

"ஆரின், உன் திங்கட்கிழமை என் கடைல உக்காந்திருக்கு. துப்பாக்கி கேட்டான், குடுக்கல. உடனே வா."

போனை வைத்துவிட்டுப் பக்கத்தில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தேன். "வரான். அதுவரைக்கும் நீ சொல்லு. அவன் உன்கிட்ட என்னதான் பேசுவான்?"

"ஒண்ணும் பேச மாட்டார். நான் பேசறதைக் கேப்பார்."

"கேப்பானா? ஆரினா?"

"நடுவுல போனைக்கூட எடுக்க மாட்டார்." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "உங்களைப் பத்திச் சொல்லுவார். என் பொண்டாட்டியோட ஆப்பிள் பையை விட்டுட்டு வந்து உக்காந்திருக்கேன், அதுக்காகவாவது வாயைத் திறந்து ரெண்டு வார்த்தை பேசுடான்னு."

ஆரின் கோட்டு கூடப் போடாமல் ஓடி வந்தான். டாக்டரும் போலீஸ் அதிகாரியும் பின்னாலேயே வந்து வாசலில் நின்றார்கள். ஆரின் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்டூலுக்கு முன்னால் மண்டியிட்டு, "எமரி" என்றான்.

விதியை மீறி அவன் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பெயர் அதுதான். என் பெயரை இப்படி எப்போது கடைசியாகக் கூப்பிட்டான் என்று அந்த நேரத்திலும் என் மனசு கணக்குப் பார்த்தது. அதை என்ன செய்ய முடியும், மனசு அப்படி.

எமரி தானாகவே எழுந்து அவர்களோடு போனான். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவனுடைய அம்மா வந்து பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்கினாள். லேபில் சிரித்தவர்களைக் கூப்பிட்டுக் கல்லூரி விசாரித்தது என்று டாட்டி சொன்னாள். ஆரின் எதுவும் சொல்லவில்லை. திங்கட்கிழமைதோறும் மலையைத் தாண்டி ஆஸ்பத்திரிக்கு வண்டியோட்டிப் போனான். நான் தனியாகச் சாப்பிட்டேன். எரிச்சலாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஆஸ்பத்திரி வார்டுக்குள் கழுத்தில் சுற்றுகிற எதையும் விட மாட்டார்களாம். அதனால் மஃப்ளர் வீட்டுக்கு வந்துவிட்டது. கதவோர ஆணியில் ஆரின் அதை மாட்டி வைத்தான். தன் கழுத்தில் போட்டுக்கொள்ளவில்லை. நானும் போட்டுக்கொள் என்று சொல்லவில்லை. கிறிஸ்துமஸ் வந்து போனது, அது அங்கேயே தொங்கியது. அது திரும்பி வர வேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்டவள், இப்போது கதவைக் கடக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன்.

ஜனவரியில் கல்லூரி திறந்து, ஒரு திங்கட்கிழமை காலை, ஆரின் ஆணியிலிருந்து மஃப்ளரை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டான். நான் ஆப்பிள் பைக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தேன். எங்கே, யாரைப் பார்க்க என்று கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

மாலையில் பனி கொட்டியது. ஆரின் உள்ளே வந்து காலை உதறினான். காது சிவந்திருந்தது. சட்டைக் காலருக்குமேல் கழுத்து வெறுமையாக இருந்தது.

"மஃப்ளர் எங்க?" என்றேன்.

குனிந்து காலணிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னான். "எங்கயோ விட்டுட்டேன்போல."

நான் ஆப்பிள் பையை வெட்டுகிற சாக்கில் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் மூக்கை அவன் பார்த்துவிடக் கூடாதே.