கோபாலின் ஐபோன்

முதலாம் ஆண்டு கணினி வலையமைப்புப் பாடத்தில் வீட்டில் செய்துவரக் கொடுத்த ஒப்படை எளிதுதான். வீட்டு வைஃபையில் எந்தெந்தக் கருவிகள் இணைகின்றன என்று ஒரு வாரம் கவனித்து, யார் யாருடையவை என்று எழுத வேண்டும். பிறகு, வேண்டாதவர்கள் நுழையாதபடி பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். பிள்ளைகள் வளர்ந்தபின் பல்கலைக்கழகம் போகத் தொடங்கிய துசியந்திக்கு முழுப் புள்ளி எடுக்க ஆசை.

இல்ஃபோர்ட் வீட்டு ரூட்டரில் டிவி இருந்தது, மகளின் மடிக்கணினி இருந்தது. சனிக்கிழமை பின்னேரம் மட்டும் ஒன்று வந்துபோனது. பெயர் 'கோபாலின் ஐபோன்'.

அண்ணன் கோபாலகிருஷ்ணன் அவளோடு பேசி இரண்டு வருடம். மகள் பெரியபிள்ளையானதற்கு வைத்த சாமத்தியவீட்டு அழைப்பிதழை எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது அவருக்கும் சேர்த்து அனுப்பிவிட்டாள். கூடப்பிறந்தவருக்கு என்ன சம்பிரதாயம் என்று நினைத்தது அவள் மடத்தனம். நேரில் வந்து சொல்லாத வீட்டுக்குத் தாய்மாமன் வருவாரா? வரவில்லை. பிறகு மன்னிப்புக் கேட்கப் போனவளுக்குக் கதவும் திறக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை திரைச்சீலையை விலக்கிப் பார்த்தாள். தன் சின்ன மகளைப் பக்கத்துத் தெரு நடன வகுப்பில் விட்டுவிட்டு, தங்கை வாசலில் காரை நிறுத்தி, தங்கையின் இன்டர்நெட்டில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார் அண்ணன். ரோஷமெல்லாம் அவருக்குத்தான், பழைய பாஸ்வேர்டை மறக்காத போனுக்குக் கிடையாது.

தனக்காக வருகிறாரா, வைஃபைக்காகவா? ஒப்படையில் இந்தக் கேள்வி இல்லை. துசியந்திக்கு இதுதான் தெரிய வேண்டியிருந்தது. பாஸ்வேர்டை மாற்றினால் அந்தக் காரும் வராமல் போகலாம். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் மாற்றினாள்.

கொஞ்ச நேரத்தில் கார்க் கதவு சாத்தும் சத்தம். பிறகு வாசல் மணி.

"வைஃபைக்கு என்ன நடந்தது?" என்றார் அண்ணன், வணக்கம் சொல்வதுபோல.

"பாஸ்வேர்ட் மாத்திப்போட்டன் அண்ணை. யூனிவர்சிட்டியில சொன்னவை."

"இந்த வயசில உனக்கென்ன படிப்பு."

"உள்ள வாங்கோ. சாப்பிட்டால்தான் புதுசைச் சொல்லுவன்."

அவர் தெருவைப் பார்த்தார், காரைப் பார்த்தார், சப்பாத்தைக் கழற்றினார். மீன்குழம்பில் புளி கூடிவிட்டது என்றார். சொல்லிக்கொண்டே இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். துசியந்திக்கு அழுகை வந்தது. குழம்பை எடுக்கப் போவதுபோல உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மருமகள் எங்கே, எப்படிப் படிக்கிறாள், ஏன் இவ்வளவு மெலிந்துவிட்டாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

வகுப்பு முடியும் நேரம் எழுந்து, "போயிட்டு வாறன்" என்றார். பாஸ்வேர்டை மட்டும் கேட்கவில்லை.