கவலைக்குப் பதில் ஆள்

பட்டப்பெயர் பதட்டம். வயது இருபத்து நாலு. இருக்கும் இடம், வீட்டிலிருந்து ஒரு பகலும் ஒரு ராத்திரியும் பயணம் செய்தால் வருகிற ஊரில், ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைக்கும் சலவைக்கூடம். சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிடுவார் யாருமில்லை.

அறைக்கதவைப் பூட்டினோமா என்று மூன்று தடவை திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிற ஆள் அவன். அம்மாவும் அப்படித்தான். என்ன, அம்மா படுகிற கவலை ராத்திரி கனவாகி, காலை டீ இடைவேளையில் ஃபோன் வழியே அவனிடம் வந்து சேரும்.

"டேய், வட்டமா ஒரு வாய்டா. திறந்து தண்ணியா கக்குது. அது பக்கத்துல நிக்காதே."

"இங்க ஏழு மெஷின் இருக்கும்மா. ஏழுக்கும் வட்ட வாய்தான். ஏழும் தண்ணிதான் கக்கும். அதுக்குத்தான் வாங்கிப் போட்டிருக்காங்க."

"எதுக்கும் தள்ளியே நில்லு."

அன்று பதினோரு மணிக்கு ஏழாம் நம்பர் மெஷினின் கதவு ரப்பர் பிய்த்துக்கொண்டது. அறுபது போர்வைகளின் சோப்புத் தண்ணீர் கணுக்காலளவு ஓடியது. எல்லோரும் வழுக்கி விழுந்து எழுந்தபோது, துணி மடிக்கிற மேசைமேல் செருப்புகூட நனையாமல் பதட்டம் நின்றுகொண்டிருந்தான்.

சூப்பர்வைசர் நுரையிலிருந்து தலையைத் தூக்கினார். "உனக்கு எப்படிடா முன்னாடியே தெரியும்?"

"அம்மா சொன்னாங்க சார்."

மறுநாள் சுவரில் இருந்த கரும்பலகையில், 'சோப்பு இருப்பு', 'இன்றைய துணி' என்ற இரண்டு கட்டங்களுக்கு நடுவே மூன்றாவதாக ஒரு கட்டம் முளைத்தது. 'அம்மா' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார் சூப்பர்வைசர்.

அதிலிருந்து தினமும் டீ இடைவேளையில் ஃபோனை ஸ்பீக்கரில் போட வேண்டும். அம்மா சொல்லச் சொல்ல சூப்பர்வைசர் எழுதிக்கொள்வார். அர்த்தம் சொல்வது இஸ்திரி அண்ணன் பொறுப்பு. அண்ணன் உணவு இடைவேளையெல்லாம் மர்ம நாவலாகப் படித்துத் தள்ளுகிறவர். வருவதை முன்கூட்டியே அறிகிறவர்கள், பிறர் மனதைப் படிக்கிறவர்கள் என்று குறைந்தது இருநூறு பேரைப் புத்தகத்தில் பார்த்திருந்தார்.

பெரியம்மாவுக்கு மூணாவது பல் ஆடுகிற மாதிரி அம்மா கனவு கண்டாள். "மூணாம் நம்பர் மெஷின். பல் வெச்ச பெல்ட்டு" என்றார் இஸ்திரி அண்ணன், கண்ணை மூடிக்கொண்டு. கழற்றிப் பார்த்தால் பெல்ட் நார் நாராகக் கிழிந்திருந்தது. கூடமே வாயைப் பிளந்தது.

மெக்கானிக் அக்கா மட்டும் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அஞ்சு வருஷமா நான் கரடியா கத்திட்டு இருக்கேன், பெல்ட்டை மாத்துங்கன்னு. யார் அம்மா கனவு கண்டாலும் அது கிழிஞ்சுதான் இருக்கும்."

"நீ சொன்னது புகார். அவங்க சொல்றது அருள்" என்றார் சூப்பர்வைசர்.

அம்மா கனவில் வந்த வெள்ளை முயல், ஓட்டை வாளி, ஏணியில் ஏறிய வாத்து எதுவும் பலிக்கவில்லை. அவற்றை டஸ்டர் வைத்து அழித்துவிட்டார்கள். கரும்பலகையில் பலித்தது மட்டுமே மிஞ்சியதால், பார்க்கிறவர்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

இதெல்லாம் பதட்டத்துக்குப் பெருமையாகத்தான் இருந்தது, இருபதாம் தேதி நெருங்கும்வரை. அன்று அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப்போட்டாயிற்று. "என் பையன் வந்து கையைப் பிடிச்சாத்தான் உள்ளே வருவேன்" என்று டாக்டரிடமே சொல்லிவிட்டாள். இன்னும் தள்ளினால் பார்வைக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டரும் கையை விரித்துவிட்டார். பதட்டம் ஊருக்குப் போய் மூன்று வருஷம். பன்னிரண்டு நாள் லீவு கேட்டு விண்ணப்பம் நீட்டினான்.

சூப்பர்வைசர் பேனாவை எடுத்தார். இஸ்திரி அண்ணன் குறுக்கே விழுந்தார்.

"சார், அவசரப்படாதீங்க. நான் படிச்ச எந்தக் கதையிலயும் பக்கத்துல இருக்கிற ஆளுக்காக யாரும் கனவு கண்டதில்லை. பிள்ளை தூரத்துல இருந்தாத்தான் தாய்க்குத் தெரியும். இவன் போய் எதிர்ல உட்கார்ந்துட்டா சக்தி போச்சு."

சூப்பர்வைசர் பேனாவை மூடினார். "கேட்டியா? நீ அங்க போனா அவங்களுக்குக் கவலை இல்லை. கவலை இல்லேன்னா கனவு இல்லை. கனவு இல்லேன்னா ஏழு மெஷினையும் நான் யாரை நம்பி ஓட்டறது?"

"மெக்கானிக்கை நம்பி ஓட்டுங்களேன்" என்றாள் அக்கா. அது யார் காதிலும் ஏறவில்லை.

பதட்டம் மனசுக்குள் கணக்குப் போட்டான். அம்மா ஆபரேஷனுக்குப் போகமாட்டாள். கண் போய்விடும். அதுவும் இவன்மேல் கவலைப்படுவதில் கெட்டிக்காரியாக இருக்கிற ஒரே குற்றத்துக்காக. "சார், கால்ல விழறேன் சார்" என்றான்.

சூப்பர்வைசரும் கல்நெஞ்சுக்காரர் இல்லை. விண்ணப்பத்தைத் திருப்பிக் காட்டினார். கீழே, 'விடுப்பில் செல்பவரின் வேலைக்குப் பதில் ஆள்' என்றொரு வரி காலியாக இருந்தது. "உன் இடத்துல அம்மா கவலைப்படறதுக்கு இங்க ஒரு ஆளைக் காட்டு. அந்த ஆளைப் பத்தி அவங்களுக்கு ஒரு கனவு வரட்டும். அன்னிக்கே கையெழுத்து."

மறுநாள் டீ இடைவேளையில் கூடமே வரிசை கட்டி நின்றது. முதலில் மடிப்புக்காரர் ஃபோனை வாங்கினார்.

"வணக்கம்மா. எனக்கு முதுகுவலி."

"எத்தனை நாளாப்பா?"

"இருபது வருஷமா."

"பழகியிருக்குமே" என்றாள் அம்மா. கனவு வரவில்லை.

அடுத்த நாள் மெக்கானிக் அக்கா. ஃபோனை வைத்ததும் அம்மா பையனிடம் சொன்னாள்: "அவ பிழைச்சுக்குவாடா. குரல்லயே தெரியுது." அதற்கும் அடுத்த நாள் இஸ்திரி அண்ணன் தன்னை யாரோ பின்தொடர்வதாகவும், கண்ணாடியில் வேறு முகம் தெரிவதாகவும் அரை மணி நேரம் அளந்தார். அம்மா பாதியிலேயே தூங்கிவிட்டாள். கனவில்லாத தூக்கம்.

பதினெட்டாம் தேதி ஆகிவிட்டது. அன்று மாலையே கிளம்பினால்தான் போய்ச் சேர முடியும். ஆள் தீர்ந்துவிட்டார்கள். பதட்டம் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, சூப்பர்வைசரே ஃபோனை வாங்கினார், வருத்தம் தெரிவிக்க.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. உங்க பையனை அனுப்ப முடியாத நிலைமை. நான்தான் சூப்பர்வைசர் பேசறேன்."

"அது கிடக்கட்டும்பா. என்ன, தொண்டை கட்டியிருக்கு? சாப்பிட்டீங்களா?"

சூப்பர்வைசர் காலையில் கொதிகலன் பக்கத்தில் நின்றபடி இரண்டு பிஸ்கட் தின்றிருந்தார். நேற்றும் அதுதான். வீட்டில் அவரும் ஒரு சுவர்க்கடிகாரமும்தான். அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டு வெகு காலமாகியிருந்தது.

"ஆச்சும்மா" என்றார்.

"பொய்" என்றாள் அம்மா.

ஃபோனைக் கொடுத்துவிட்டு அவர் சோப்பு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மதியம் மூன்று மணிக்கு அம்மாவே கூப்பிட்டாள். பகலில் கொஞ்சம் கண்ணயர்ந்தாளாம். "டேய், உங்க சூப்பர்வைசர் கனவுல வந்தாருடா. மழையில வெறுங்காலோட நிக்கறார். கையில ஒரு தட்டு. தட்டுல ஒண்ணுமில்லை. எனக்கு மனசே சரியில்லை. அவரைப் பத்திரமா இருக்கச் சொல்லு."

ஸ்பீக்கரில் கேட்ட எல்லோரும் சூப்பர்வைசரைப் பார்த்தார்கள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை நாள் மெஷினுக்கு வந்த கனவு இப்போது நேராக ஆள்மேல் வந்திருக்கிறது.

"தட்டுன்னா மெஷின் அடித்தட்டு சார்" என்று தொடங்கினார் இஸ்திரி அண்ணன்.

"யோவ், வாயை மூடு. தட்டுன்னா தட்டுதான்."

விண்ணப்பத்தை எடுத்தார். 'பதில் ஆள்' என்ற வரியில் தன் பெயரையே எழுதினார். கீழே, அனுமதித்தவர் என்ற இடத்திலும் தன் பெயரையே எழுதிக் கையெழுத்துப் போட்டார். "கிளம்பு. போனதும் மழை எப்போன்னு மட்டும் கேட்டுச் சொல்லு."

இருபதாம் தேதி பதட்டம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண்கட்டோடு வெளியே வந்தவள் முதலில் கேட்டது, "அந்த மனுஷன் சாப்பிட்டாரா?"

அன்றிலிருந்து தினமும் காலையில் சூப்பர்வைசர் கூப்பிடுகிறார். முகம் கழுவலாமா, படியில் இறங்கலாமா, ஏழாம் நம்பரை ஓட்டலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். அவருக்காகக் கனவு காண வேண்டுமே என்று அம்மா பகலிலும் படுத்துக்கொள்கிறாள். படுத்தபின் அவரை நினைத்துத் தூக்கம் வராமல் புரள்கிறாள். கண் அசையக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு.

ஆகவே அம்மாவின் ஃபோன் பக்கத்தில் வைத்திருக்கும் இதைப் படிக்கிற வீட்டு ஆட்கள் யாராக இருந்தாலும், அம்மாவின் கண்கட்டை அவிழ்க்கும்வரை அந்த ஃபோனை நீங்களே எடுத்து, அவர் சாப்பிட்டாரா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.